பக்கத்தில் உட்கார்ந்தாலும் தெரிகிற திரை

என் அருமை மச்சான் ஏழுமலைக்கு,

நீ இருந்தவரை உனக்கு நான் கடிதம் எழுத வேண்டியிருக்கவில்லை. திண்டிவனத்திலிருந்து ஒலக்கூர் என்ன தூரம்? ஞாயிற்றுக்கிழமையானால் நீயே வந்துவிடுவாய். வேண்டியிருந்தாலும் அப்போது எனக்குக் கடிதம் எழுதுகிற அளவுக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது. ஒற்றை விரலால் தட்டுகிறேன், ஒரு நாளைக்கு ஐந்தாறு வரி வருகிறது. கீபோர்டில் நீ ஒட்டிய தமிழ் எழுத்துகளில் இரண்டு உரிந்துவிட்டன. விரலுக்கு இடம் பழகிவிட்டதால் பரவாயில்லை.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். புது மானிட்டர் வாங்கிவிட்டேன். நானே போய், நானே பார்த்து வாங்கினேன். இந்தக் கடிதம் அதில்தான் தெரிந்துகொண்டிருக்கிறது.

பழைய கதை உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. விழுப்புரம் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சொன்னார்? பொடி எழுத்து இனிமேல் ஆகாது, பெரிய எழுத்தாக இருந்தால் படிக்கலாம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொடி எழுத்தும் தெரியாது, பெரிய எழுத்தும் தெரியாது, எது போனால் எனக்கென்ன? கூட வந்த நீ சிரிக்கவில்லை. தாலுகா ஆபீசுக்கு எதிரில் மனு டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த உன் கடையை அப்போதுதான் மூடியிருந்தாய். அடுத்த ஞாயிறு அந்தக் கடைக் கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து இறங்கினாய்.

"எழுத்து உள்ளங்கை அகலத்துக்கு வரும் மாமா. இனிமே சாக்கு சொல்ல முடியாது."

பாடத்தையெல்லாம் நீயே தட்டிக் கொண்டுவருவாய். எல்லாம் எங்கள் வீட்டுக் கதைதான். 'மாமா பீடியை விட்டுவிட்டதாகச் சொல்கிறார். அக்கா நம்பவில்லை.' இப்படி. ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் ஒரு கேள்வி இருக்கும். அதற்குக் கீழே நான் பதில் தட்ட வேண்டும். முப்பத்தெட்டு பாடம் முடித்தோம். முப்பத்தொன்பதாவதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துவிட்டு, "இத தனியா படிங்க மாமா, அடுத்த வாரம் வந்து கேக்கறேன்" என்றாய். அடுத்த வாரம் உனக்கு மாலை வாங்கிக்கொண்டு நாங்கள்தான் திண்டிவனம் வந்தோம்.

அதன்பிறகு ஐந்து மாதம் கம்ப்யூட்டரை நான் போடவே இல்லை. உன் அக்கா அஞ்சலை அதன்மேல் துண்டைப் போட்டு மூடி வைத்தாள். ஆயுத பூஜைக்குத் துண்டை எடுத்துச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு மறுபடியும் மூடினாள். ஒருநாள் காலை, மல்லாட்டைக் கடலையைக் காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவன், என்ன தோன்றியதோ, ஸ்விட்சைப் போட்டேன். பெட்டி உறுமியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

நாலு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், மச்சான். நீ கடைசியாக எழுதியது அதற்குள் அல்லவா இருக்கிறது? படிக்காமலே விட்டேனே என்று இருந்தது. மானிட்டரை ஒயரோடு பிடுங்கி, அஞ்சலையின் பழைய புடவையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வேகத்தடை வரும்போதெல்லாம் குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டேன்.

திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற கடைக்காரர் திறந்து பார்த்தார். உள்ளே லைட்டு போய்விட்டது, மாற்றப் பொருள் கிடைக்காது என்றார்.

"லைட்டு போனா போவட்டும்பா. உள்ள கீற பாடத்த மட்டும் எடுத்துக் குடுத்துடு."

அவர் என்னைப் பார்த்தார், மானிட்டரைப் பார்த்தார். புது சாமான் விற்கும் பக்கத்தில் நின்றிருந்த தன் வீட்டுக்கார அம்மாவைக் கூப்பிட்டார். அந்த அம்மா சிரிக்காமல் கேட்டுக்கொண்டது.

"பாடம் இதுல இல்லீங்க ஐயா. வூட்ல பொட்டி ஒண்ணு கீதுல்ல, அதுல கீது. இது சும்மா காட்டும், அவ்ளோதான். வேற ஒண்ணு வாங்கி மாட்டுனா அப்படியே தெரியும்."

அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தார்கள். நீ அதற்குள் இல்லையென்று சொன்னதற்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

அப்புறம் மானிட்டர் பார்த்தோம். நம் கைக்கு அடங்குகிற விலையில் மூன்று இருந்தன. மூன்றிலும் மீன் நீந்திக்கொண்டிருந்தது, கலர் கலராக. எனக்கு மீன் வேண்டாம், எழுத்தைக் காட்டு தாயி என்றேன். அந்த அம்மா மூன்றிலும் என் பெயரைப் பெரிதாகத் தட்டிப் போட்டது. கடையில் நின்றபடியே என் பெயரை மூன்று முறை படித்தேன். மச்சான், நான் அதுவரை எந்தக் கடையிலும் எதையும் படித்ததில்லை.

ஒன்று பளபளவென்று இருந்தது. எழுத்துக்கு நடுவில் என் மூஞ்சிதான் தெரிந்தது. அதை ஒதுக்கினேன். மற்ற இரண்டில் ஒன்று பெரிது, இன்னொன்று நாலு விரல் குறைவு. கண் மங்கியவனுக்குப் பெரிதுதானே நல்லது? விலையும் ஒன்றுதான். கடைக்காரர் அட்டைப்பெட்டியை எடுக்கவே போய்விட்டார்.

மல்லாட்டை மூட்டையை மேலோட்டமாகப் பார்த்து யாராவது விலை சொல்வார்களா? அடிவரைக்கும் கைவிட்டுப் பார்த்துத்தான் நமக்குப் பழக்கம். நான் எழுந்து பெரிதின் பக்கவாட்டில் போய் நின்றேன். எழுத்து வெளுத்து, சாயம் போன துணி மாதிரி ஆகிவிட்டது. சின்னதன் பக்கத்தில் போய் நின்றேன். நேரில் எப்படியோ அங்கேயும் அப்படியே இருந்தது.

நம் பழைய மானிட்டரும் அப்படித்தானே வெளுக்கும்? நீ பக்கத்துப் பலகையில் உட்கார்ந்துகொண்டு, "ஒண்ணும் தெரியல, கொஞ்சம் நவுருங்க மாமா" என்று என் தோளை இடித்துக்கொண்டே இருப்பாய். நான் வேண்டுமென்றே நகராமல் இருப்பேன்.

சின்னதைக் கொடுங்கள் என்றேன்.

"ஐயா, நீங்க ஒருத்தர்தான பாக்கப்போறீங்க? நேரா குந்துனா பெருசுதான் நல்லது. கூட யாரு பாக்கறாங்க?"

நீ இல்லை. உன் அக்காவுக்கும் எழுத்துக்கும் சம்பந்தமில்லை. நீ பாடம் நடத்தும்போதெல்லாம், "கெழவனுக்கு வந்த வாழ்வ பாரு" என்று அடுப்படியிலிருந்து சொல்வதோடு சரி. அந்த அம்மா கேட்டது நியாயம்தான். ஆனாலும் உன் இடத்தில் நின்றால் ஒன்றும் தெரியாத திரையை வாங்க எனக்கு மனம் வரவில்லை. மறுபடியும் சின்னதையே காட்டினேன்.

என் தவறும் ஒரு நன்மை செய்தது. நான் பழையதை ஒயரோடு தூக்கிப்போனதால், அந்த அம்மா ஒயரின் நீல மூக்கைப் பார்த்து, அதைச் சொருகும் ஓட்டை புதியதில் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தது. வெறுங்கையோடு போயிருந்தால் பொருந்தாததை வாங்கி வந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து நானே மாட்டினேன். வெளிச்சம் வந்தது. முப்பத்தொன்பதைத் திறந்தேன். வாய்விட்டுப் படித்தேன்.

'அக்கா கேப்பை அரைத்து வைத்திருக்கிறாள். மாமா மல்லாட்டை வறுக்கிறார். நான் பஸ்ஸில் வருகிறேன். எனக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கேள்வி: ஞாயிற்றுக்கிழமை எனக்குக் களியா, கூழா?'

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"களின்னு சொல்லு. கூழு அவனுக்கு ஆவாது."

கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்தாள். கையெல்லாம் மாவு.

"அவனா கேட்டுக்கினு கீறான்? எங்க, காட்டு."

உன் பலகையில் உட்கார்ந்தாள். நான் திரையை அவள் பக்கம் திருப்பப் போனேன்.

"இன்னாத்துக்குத் திருப்பற? இங்கிருந்தே நல்லா தெரியுதே. இதுல அக்கான்னு எங்க கீது?"

காட்டினேன். விரலை அதன்மேல் வைத்தாள். ரொம்ப நேரம் விரலை எடுக்கவே இல்லை. மாவு அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. துடைக்கவில்லை.

உன் கேள்விக்குக் கீழே 'களி' என்று தட்டி வைத்திருக்கிறேன், மச்சான். வருகிற ஞாயிறு முதல் பாடத்தை மறுபடியும் திறக்கப்போகிறேன். இந்தத் தடவை உன் பலகை அவளுக்கு. அவள் என் தோளை இடித்தால் நகர்ந்துகொள்வேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

இப்படிக்கு,
உன் அக்காவின் வீட்டுக்காரன்,
உன்னிடம் எழுத்துக் கற்ற மாமா
முனுசாமி