நான்காவது போன்

மார்ச் 4

இன்று நகரின் வடக்குப் பாதி. டாஷ்போர்டில் மூன்று போன்கள். ஒரே மாடல், ஒரே உயரம், மூன்று நிறுவனங்கள். வண்டி ஓட ஓட மூன்றும் ஒரே கோப்பை இறக்குகின்றன, ஒரே வீடியோவைத் திறக்கின்றன. யார் முந்தியது என்று நான் பதிவு செய்கிறேன். இரண்டு மாதம் இப்படிச் சுற்றினால் அறிக்கை வரும். அறிக்கையில் முதலிடம் யாருக்கோ அவருடைய விளம்பரம் எல்லாப் பாலங்களிலும் ஏறும். பௌதிகம் படித்தவளுக்கு இது அவ்வளவு மோசமான முடிவில்லை.

நிறுவனங்களின் பெயரை வண்டிக்குள் உச்சரிக்கக் கூடாது என்று ஒப்பந்தம். டிரைவர் அண்ணன் உறவுமுறை வைத்துவிட்டார். இருப்பதிலேயே பழைய நிறுவனம் பெரியவர். விளம்பரத்துக்கே பாதி வரும்படியைக் கரைப்பது மாப்பிள்ளை. மூன்றாவது, யாரும் கூப்பிடாமலே வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போகிற சித்தப்பா.

பெரியவர் முந்துகிறார். எப்படி என்று புரியவில்லை. அலைக்கற்றை அவரிடம்தான் குறைவு. போன ஏலத்தில் மற்ற இருவரும் அள்ளிக்கொண்டு போனார்கள். வாடிக்கையாளர்கள் அவரிடம்தான் அதிகம். குறுகலான சாலை, நிறைய வண்டி, ஆனாலும் முதலில் வந்து சேர்கிறார். அண்ணனிடம் சொன்னேன்.

"வயசானவர்ல மேடம். சந்துபொந்தெல்லாம் தெரிஞ்சிருக்கும்."

டவர்களை நெருக்கமாக வைத்திருப்பார் என்று குறிப்பு எழுதி மூடிவிட்டேன்.

மார்ச் 6

அக்கா கூப்பிட்டாள். பேச்சு அறுந்து அறுந்து வந்தது.

அவள் வீடியோவில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறாள். இந்த மாதக் கடைசிவரை சோதனைக்காலம். வகுப்பு பாதியில் அறுந்தால் எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். "வீட்லதானே இருக்கேன், எங்க போறது" என்று அவளே சிரித்தாள். அத்தானின் தொழிற்சாலை மூடியதிலிருந்து அந்த வீட்டுக்கு வருவது இந்தச் சம்பளம் மட்டும்.

இன்று முதல் எச்சரிக்கை.

அவர்கள் கட்டடத்தில் கேபிள் கிடையாது. சுவரில் துளை போட உரிமையாளர் விடமாட்டார். போனிலிருந்துதான் நெட். பெரியவர். பதினோரு வருடமாக.

"வேற கம்பெனிக்கு மாறிடவாடீ? நீதானே இதையே அளந்துக்கிட்டு ஊர் சுத்தறே."

அட்டவணையைத் திறந்தேன். அவள் தெரு, மாலை நேரம், நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கில்: பெரியவர் 88, மாப்பிள்ளை 61, சித்தப்பா 40. மாறாதே என்றேன். உன் போன் பழசு, அதை மாற்று.

கையில் எண்கள் இருந்தால் குரல் தானாக உறுதியாகிவிடுகிறது.

மார்ச் 9

பெரியவர் அக்காவுக்கு அனுப்பிய குறுஞ்செய்தியை அவள் எனக்கு அனுப்பியிருக்கிறாள்: "பதினோரு ஆண்டுகளாக எங்கள் இதயத்தில் நீங்கள். இன்று முதல் நீங்கள் எங்கள் வைரக் குடும்பம்." கூடவே சோப்புக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பன்.

கீழே அவள் எழுதியது: "வைரம்னு சொல்லிட்டு சோப்பு குடுக்கறான் பாரு."

மார்ச் 13

புது போன் வாங்கிவிட்டாள். அத்தான் ஒன்றும் சொல்லவில்லையாம். அவர் ஒன்றும் சொல்லாததைப் பற்றி அரை மணி நேரம் சொன்னாள்.

மார்ச் 17

இரண்டாவது எச்சரிக்கை. புது போனில்.

மார்ச் 18

வேலை முடிந்து நேராக அக்கா வீடு. பெரியவருடைய சோதனை போனைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். விதிப்படி கூடாது.

கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரு மேசை, அவ்வளவுதான் அவள் பள்ளிக்கூடம். கட்டில் தெரியாமலிருக்கப் பின்னால் ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பைத் தொங்கவிட்டிருக்கிறாள். மேசைமேல் இரண்டு போன்களையும் ஒட்டி வைத்து அளந்தேன். என்னுடையதில் 85. அவளுடையதில் 3.

ஒரே நிறுவனம், ஒரே டவர். நடுவில் ஒரு விரல் இடம்.

மறுபடி அளந்தேன். 4.

"போன் பழசுன்னே, வாங்கினேன். இப்ப என்ன, மேசை பழசா?"

சிம் தட்டைத் திறக்க ஊசி தேடினேன். அவள் கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். அவள் சிம்மை என் போனில் போட்டேன்: 3. என் சிம்மை அவள் போனில் போட்டேன்: 86.

போனில் இல்லை. டவரிலும் இல்லை. அந்தச் சின்னத் தகட்டில் இருக்கிறது. ஆனால் தகட்டுக்கு என்ன தெரியும்? அது யாருடையது என்பது மட்டும்தானே.

அக்கா கம்மலை வாங்கிப் போட்டுக்கொண்டாள். நான் மார்ச் 6 அன்று சொன்ன 88ஐ அவள் ஞாபகம் வைத்திருக்கிறாள் என்று தெரிந்தது.

மார்ச் 19

காலையில் அவளிடமிருந்து: "போர்ட் மெசேஜ் அனுப்பிட்டேன். பதினோரு வருஷம் போதும்." நம்பரை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போக ஒரு கோட் வரும். அதை எடுத்துக்கொண்டு எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் போகலாம், ஒரு மாதக் கெடு.

எங்கே போவது என்று கேட்டிருந்தாள். என் அட்டவணையை நானே நம்பவில்லை, அதிலிருந்து எதை எடுத்துச் சொல்ல?

மார்ச் 20

அக்கா: "என்னடீ பண்ணே? நெட் பறக்குது."

ஒன்றும் பண்ணவில்லை. அளந்து அனுப்பச் சொன்னேன். அதே சிம், அதே மேசை, மாலை நெரிசல். 81.

கடைக்கு இன்னும் போகவில்லையாம். போகிறேன் என்று சொன்னது மட்டும்தான்.

மார்ச் 22

விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் இப்போது பெரியவரின் வாடிக்கையாளர் விசுவாசப் பிரிவில் இருக்கிறாள். அவர்கள் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் காபி குடித்தோம். அக்காவின் 3ஐயும் 81ஐயும் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. எனக்குத் தெரியவில்லையே என்றுதான் ஆச்சரியப்பட்டாள்.

"எல்லாருக்கும் அள்ளிக் குடுக்க எங்ககிட்ட அலைக்கற்றை எங்கடி இருக்கு? சாயங்காலம் கூட்டத்துல யாரையாவது பின்னாடி தள்ளித்தானே ஆகணும். புதுசா வந்தவனைத் தள்ளினா முதல் மாசமே ஓடிடுவான். அதனால ஆறு மாசத்துக்கு அவன் முன்னாடி. போறேன்னு மெசேஜ் போட்டவனும் கொஞ்ச நாளைக்கு முன்னாடி."

மற்றவர்கள்?

"போகாதவங்களுக்கு ஏன்டி செலவு பண்ணணும்? அவங்களுக்குத்தான் நான் எழுதறேனே."

அந்த வைரக் குடும்பம் வரியை எழுதியது இவள்தான். பிறந்தநாள் வாழ்த்தும் இவள்தானாம். 'இதயம்' என்ற சொல்லுக்கு நல்ல வரவேற்பு இருக்கிறதாம், இரண்டு விதமாக எழுதி அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். விடுதியில் கவிதை எழுதுவாள். நன்றாகவே எழுதுவாள்.

காபிக்கு அவள்தான் காசு கொடுத்தாள்.

அதே நாள், பேருந்தில்

எங்கள் விதி. ஒவ்வொரு பருவத்துக்கும் புது சிம், சாதாரணக் கடையில், சாதாரண ஆள் வாங்க வேண்டும். எது சோதனை சிம் என்று நிறுவனத்துக்குத் தெரிந்தால் அதை மட்டும் தாங்கிப் பிடிக்கும். அது நடக்காமலிருக்கத்தான் விதி. விதியில் ஓட்டையே இல்லை.

ஆக நாங்கள் இத்தனை வருடமாக அளந்தது புது மருமகனுக்கு நடக்கிற உபசாரத்தை. கல்யாணம் ஆகிப் பதினோரு வருடம் ஆனவர்களின் சாப்பாட்டை ஒரு தடவைகூட ருசி பார்த்ததில்லை.

பெரியவர் ஏமாற்றவில்லை. நாங்கள்தான் வருடாவருடம் புதிதாகப் போய் நின்றிருக்கிறோம்.

மார்ச் 23

மேலாளரிடம் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து முழுவதையும் கேட்டார். நல்ல மனிதர். அந்தப் புது சிம் விதியை எழுதியவரே அவர்தான். அதற்காகப் பழைய முதலாளியோடு சண்டைபோட்டு வெளியே வந்தவர் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். நான் பேசப் பேச அவர் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"நாம அளக்கறது வேகத்தைம்மா. யார் எத்தனை வருஷம் இருந்தாங்கன்னு இல்லை."

வருடத்தைப் பொறுத்து வேகம் மாறுகிறதே சார் என்றேன்.

இதுவரை எடுத்த அட்டவணைகள் வாடிக்கை நிறுவனங்களுக்குப் போய்விட்டனவாம். அடுத்த பருவத்தில் யோசிக்கலாம் என்றார். நான் எழுந்த பிறகு, பாதி தனக்குத்தானே: "புது சிம்முன்னா நியாயம்னு நினைச்சேன்."

மார்ச் 24

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாளை மறுநாள் அவள் வகுப்பை மேற்பார்வையாளர் உட்கார்ந்து பார்க்கப்போகிறார். அதை வைத்துத்தான் சோதனைக்கால முடிவு. அதில் அறுந்தால் மூன்றாவது எச்சரிக்கை.

கோட் கையில் இருக்கட்டும், கடைக்குப் போகாதே என்றேன். போகவும் வேண்டாம், இருக்கிறேன் என்று சொல்லவும் வேண்டாம். போகிற மாதிரியே இரு.

"உங்க அத்தான்கிட்ட இதைத்தான்டீ இத்தனை வருஷமா செஞ்சுக்கிட்டிருக்கேன்."

பிறகு குரல் தணிந்தது. "இந்தத் தடவை நிச்சயமா?"

எண் எதுவும் சொல்லவில்லை. நானும் வருகிறேன் என்றேன்.

மார்ச் 26

அத்தானும் நானும் சமையலறையில். கதவு சாத்தியிருந்தது. ஃப்ரிட்ஜின் சத்தம் கேட்கக்கூடாதென்று அத்தான் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். என் போனையும் அணைத்து வைக்கச் சொன்னார், தன்னுடையதையும் அணைத்தார். எதனால் அறுகிறது என்று தெரியாதவர். கையில் கிடைத்ததையெல்லாம் அணைத்துக்கொண்டிருந்தார். விளக்கலாம் என்று நினைத்தேன். விளக்கினால் அவருக்கு அணைக்க ஒன்றுமிருக்காது.

உள்ளே அக்கா பின்னங்கள் நடத்துகிறாள். முக்காலில் பாதி எவ்வளவு. ஒரு பிள்ளை தப்பாகச் சொல்கிறது. "எப்படி வந்துச்சு, சொல்லு பார்ப்போம்" என்கிறாள். பிள்ளை சொல்கிறது. நடுவில் ஒரு மௌனம். அத்தான் என்னைப் பார்த்தார். அறுந்துவிட்டதா? என்னிடம் கருவி எதுவும் இல்லை.

அந்தப் பிள்ளை யோசித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"ஆங், அதேதான்" என்றாள் அக்கா. அத்தான் தண்ணீர் குடித்தார்.

வெளியே வந்தவள் முதலில் கேட்டது: "ஃப்ரிட்ஜை யாரு அணைச்சது? பால் என்னாகறது?"

மார்ச் 31

நிரந்தரம் என்று கடிதம் வந்துவிட்டது. மூன்றே வார்த்தையில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். வகுப்பாம்.

ஏப்ரல் 20

கெடு முடிந்து கோட் செத்துவிட்டது. அக்காவின் வேகம் மறுபடி 9. நாளைக்கு இன்னும் இறங்கும். மறுபடி வைரம்.

இந்தத் தடவை போகிறேன் என்று சொல்லவில்லை. கடைக்குப் போய் சித்தப்பாவின் புது சிம் ஒன்றை வாங்கி வந்துவிட்டாள், புது எண்ணோடு. ஆறு மாசத்துக்கு மரியாதை கிடைக்கும், அப்புறம் மாப்பிள்ளை வீடு, அப்புறம் பார்க்கலாம் என்கிறாள். பழைய எண் தெரிந்த சொந்தக்காரர்கள்?

"பாதிப் பேர் தொலையட்டும்டீ. மீதிப் பேர் எப்படியும் கண்டுபிடிச்சிடுவாங்க."

மே 11

அறிக்கை வெளியானது. பெரியவர் முதலிடம். அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் பாலத்தில் பதாகை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். கயிற்றில் தொங்கியபடி ஒருவன் 'வேகம்' என்ற சொல்லை இழுத்துக் கட்டினான்.

நாற்பத்தோராம் பக்கத்தில், அட்டவணைக்குக் கீழே, இருப்பதிலேயே சின்ன எழுத்தில் ஒரு வரி: அளவீடுகள் அனைத்தும் புதிய இணைப்புகளில் எடுக்கப்பட்டவை.

அந்த வரி நான் எழுதியது. மேலாளர் அதை நீக்கவில்லை. அவ்வளவு.

செப்டம்பர் 15

அடுத்த பருவம் தொடங்கியது. மேலாளர் கூப்பிட்டார். பழைய சிம் ஒன்றும் வண்டியில் போகட்டும் என்றார். அட்டவணையில் வராது, பார்த்து வைத்துக்கொள்வோம். ஆனால் நிஜமான பழைய வாடிக்கையாளருடையதாக இருக்க வேண்டும், எங்கே கிடைக்கும்?

மாலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். பழைய சிம்மை ஒரு பொட்டு அட்டையில் ஒட்டி வைத்திருந்தாள். விடவும் மனசில்லை, வைத்துக்கொள்ளவும் தோன்றவில்லையாம்.

"இனிமே மாச ரீசார்ஜ் உங்க ஆபீஸ்தானே?"

செப்டம்பர் 16

டாஷ்போர்டில் நான்கு போன்கள். நான்காவதற்கு அண்ணன் பெயர் கேட்டார். யாருடையது என்று சொன்னேன். அப்போதிலிருந்து அது அக்கா.

பெரியவர் 90. அக்கா 4.

அக்டோபர் 12

தெற்குப் பாதி. மழை. சிக்னலில் நின்றிருந்தோம். நான்காவது போன் முனகியது. அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எட்டிப் படித்தார்.

"'உங்கள் பிறந்தநாளில் எங்கள் இதயத்திலிருந்து...' மேடம், இன்னிக்கு அக்காவுக்குப் பொறந்தநாளா?"

ஆமாம். நான் மறந்திருந்தேன். தோழி மறக்கவில்லை, அல்லது அவள் எழுதி வைத்த ஏதோ ஒன்று மறக்கவில்லை.

உடனே அழைத்தேன். யோசிக்கவில்லை, விரல் தானாகப் போனது. இரண்டு நொடி அமைதி. பிறகு எனக்கு எதிரே, டாஷ்போர்டில், நான்காவது போன் அடித்தது. திரையில் 'தங்கச்சி', அவள் சிம்மிலேயே பதிந்து வைத்திருந்த பெயர்.

அண்ணன் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"எடுக்கவா?"

வேண்டாம் என்றேன். வைத்துவிட்டுப் புது எண்ணுக்கு அழைத்தேன். அவள் எடுக்கவில்லை. இந்நேரம் வகுப்பில் இருப்பாள். ஒருமுறைகூட அறாமல் மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது.

பச்சை விழுந்தது. அண்ணன் வண்டியை எடுத்தார். அக்கா, மழை, மாலை நெரிசல்: 3 என்று பதிவு செய்தேன்.