ஏழாவது அடியில் தாமதித்தவன்

என் முனிக்கு,

நீ இருந்திருந்தால் இந்தக் கடிதத்தில் இரண்டு வரி படித்துவிட்டு, "இன்னா மாமே, எஸ்ஸே எழுதிக்கினுகீற?" என்று மடித்துப் பின்பாக்கெட்டில் வைத்திருப்பாய். மீதியை மறுநாள் ஃபேக்டரி பஸ்ஸில் படித்திருப்பாய். நான் எழுதியதை நீ ஒருநாளும் படிக்காமல் விட்டதில்லை. ஊரார் படித்தாலும் படிக்கட்டும், எழுதிவிடுகிறேன்.

முதலில் உன் செய்தி. நீ பிரபலமாகிவிட்டாய். நாம் இரண்டே பேர் சேர்ந்து போட்ட அந்த ஒரே ஆல்பத்தை நீ இருந்தபோது கேட்டவர்கள் நம் சொந்தக்காரர்களும் ஃபேக்டரியில் உன் லைன் ஆட்களும்தான். அவர்களும் நம் முகத்துக்காகக் கேட்டார்கள். நீ போய் ஒரு வருஷம் ஆனபிறகு இணையத்தில் யார் யாரோ கேட்கிறார்கள். பிராக்ரெசிவ் மெட்டல் டிரம்ஸ் என்றால் இப்படி இருக்கவேண்டும், ஒரு அடிகூடப் பிசகவில்லை, இவன் மனுஷனா மெஷினா என்று கீழே எழுதுகிறார்கள். உயிரோடு இருந்தபோது உன்னை ஒருத்தனாவது மெஷின் என்று புகழ்ந்தானா?

போன மாதம் திருப்பதியில் உனக்கு நினைவுக் கச்சேரி நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு கல்லூரி அரங்கம். உன் படம், அதற்குப் பக்கத்தில் குத்துவிளக்கு, அதற்கும் பக்கத்தில் என் ஆம்ப்ளிஃபயர். உன் இடத்தில் நெல்லூர்க்காரன் வம்சி உட்கார்ந்தான். நல்ல மனுஷன், சுத்தமான கை. நம் ஆல்பத்தை அடி அடியாக எழுதிவைத்து மாதக்கணக்கில் பழகியிருக்கிறான். காதில் அந்தக் கிளிக் சத்தத்தை மாட்டிக்கொண்டான். டிக் டிக் என்று தாளம் சொல்லுமே, நீ அதைக் 'கங்காணி' என்று திட்டுவாய், அதேதான். ஏழு ஏழாக எண்ணி வாசிக்கும் நம் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை தலை நிமிராமல் வாசித்து முடித்தான்.

தொகுத்து வழங்கியவர் மேடைக்கு ஓடிவந்து மைக்கில் கத்தினார். "ஏம் டைமிங் ரா பாபு! அச்சம் முனி அன்ன லாகே!" அப்படியே முனி அண்ணன் மாதிரியாம். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. உன் தங்கை பவித்ரா மட்டும் இரண்டாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்து ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள்.

"கோபிண்ணா, அவரு நல்லாத்தான் அடிச்சாரு. ஆனா எங்கண்ணன் இப்டி அடிக்காது."

"ஆல்பத்துல இருக்கறதத்தான் பவி அடிச்சாரு."

"அதத்தாண்ணா நானும் சொல்றேன். ஆல்பத்துல கீறதும் எங்கண்ணன் மாதிரி இல்ல. அம்மாவும் அதேதான் சொல்லுது. 'கழனிலேர்ந்து வரும்போதே எனுக்குத் தெரியும், அடிக்கிறது முனியா வேற எவனாச்சுமான்னு. இது அவன் இல்ல'ன்னு சொல்லுது. மொதமொதல்ல எங்க குடோன்ல எடுத்தீங்களே, கை வெக்காத ரெக்கார்டிங், அத குடுங்கண்ணா. அம்மா கேட்டுக்கினே கீது."

"தேடிப் பாக்கறேன் பவி" என்றேன்.

தேடுவதற்கு எதுவும் இல்லை முனி. அது எனக்கு அங்கே நிற்கும்போதே தெரியும்.

உனக்கு ஞாபகம் இருக்கும், நான் என்ன வேலை பார்க்கிறவன் என்று. நீ லைனில் உட்கார்ந்து பாகங்களைச் செய்து அனுப்புவாய். நான் கண்ணாடி அறையில் கேஜ் வைத்து அளந்து பார்ப்பேன். மயிரிழை அதிகம் இருந்தாலும் சிவப்புப் பெட்டிக்குள் போட்டுவிடுவேன். "ஃபேக்டரிலயும் ரிஜெக்ட், குடோன்லயும் ரிஜெக்டா மாமே?" என்று சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வராது. தப்பைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாத ஜென்மம் நான்.

எத்தனை சண்டை போட்டிருக்கிறோம்! ஃபீல் ஃபீல் என்று பேசுகிறவனுக்கெல்லாம் வாசிக்க வராது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் என்பேன். உனக்கு வாசிக்க வரும். அதுதான் என் எரிச்சலே. கேன்டீன் மேசைக்கு அடியில் இரண்டு குதிகாலும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே சாம்பார் சாதம் சாப்பிடுவாய். பதினொரு அடித் தாளத்தை மூன்றாக உடைத்து, ஐந்தை அதன்மேல் ஏற்றி, இட்லிக்காரம்மா கரண்டிச் சத்தத்தைக்கூட அதில் சேர்த்துவிடுவாய். "கணக்கு தெரியணும் மாமே. தெரிஞ்சிக்கினு அதுக்கப்பறம் எதுர கீறவன பாக்கணும்" என்பாய். பெரிய தத்துவம் என்று நக்கல் செய்தேன். நீ சொன்னது தத்துவமே இல்லை, வேலை செய்யும் முறை. அது எனக்குப் புரியவில்லை.

வரதய்யபாளையம் சாலையில், உன் வீட்டுக்குப் பின்னால், உன் நைனாவின் மல்லாட்டை குடோன். வேர்க்கடலை மூட்டைகள் சுற்றிலும் அடுக்கியிருக்கும் மாதங்களில் சத்தம் எதிரொலிக்காது, அதனால் அப்போதுதான் ரெக்கார்டிங் என்று நீதான் முடிவு செய்தாய். நான் எதிரில் நின்று கிட்டார் வாசித்தேன். உனக்கு ஹெட்ஃபோனில் கிளிக் கொடுத்தேன். நீ ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டாய். ஒழுங்காக மாட்டு என்று கத்தினேன்.

"ஒரு காது அதுக்கு, ஒரு காது உனுக்கு" என்றாய். இப்போது அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடுவதில்லை.

அடுத்து நான் செய்ததை, படிக்கிறவர்களுக்காக விளக்கமாகச் சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததுதான். சத்தியவேட்டில் என் அறையில் தனியாக உட்கார்ந்து என் கிட்டாரை மறுபடி எடுத்தேன். ஒரே மூச்சில் இல்லை. இரண்டு சுரம் வாசிப்பது, நிறுத்துவது, சரியாக விழுந்ததை வைத்துக்கொண்டு மீதியை அழிப்பது. கம்ப்யூட்டர் திரையில் தாளத்துக்குக் கோடு கோடாகப் போட்டிருக்கும். என் கிட்டார் ஒவ்வொரு கோட்டின்மேலும் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. பிறகு உன் டிரம்ஸை அதன் கீழே வைத்துப் பார்த்தேன். ஆறு அடி சரியாக இருந்தது. ஏழாவது அடி கோட்டைத் தாண்டி விழுந்தது. அடுத்த சுற்றிலும் அப்படியே. பாட்டு முழுக்க அப்படியே.

உன்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். "பாரு, ஒவ்வொரு ஏழாவது அடியும் லேட்டு. இவ்வளவு பிராக்டீஸ் பண்ணி இதானா?" நீ கிட்டே வந்து பார்த்தாய். முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டாய். "சரி மாமே, நீ பாத்துக்கோ" என்றாய்.

நன்றாகவே பார்த்துக்கொண்டேன். உன் ஒவ்வொரு அடியையும் வெட்டி எடுத்துக் கோட்டின்மேல் ஒட்டினேன். பலமாக விழுந்ததும் மெதுவாக விழுந்ததும் ஒரே அளவாகும்படி சமன் செய்தேன். ஸ்னேர் டிரம்மின் சத்தம் பிடிக்கவில்லை, அதற்கு வேறு யாருடைய டிரம்மின் சத்தத்தையோ போட்டேன். முடித்ததும் உன்னை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டாய்.

"நல்லா கீது. ஆனா யாரு மாமே இவன்?"

நீ தமாஷ் செய்கிறாய் என்று நினைத்து நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். ஏன் சிரித்தாய் முனி? அப்போதே என் செவிளில் ஒன்று விட்டிருக்கக் கூடாதா?

வீடியோ எடுக்க ஹார்ட் டிஸ்கில் இடம் வேண்டியிருந்தது. குடோனில் எடுத்த அசல் பதிவையெல்லாம் அழித்தேன். திருத்தியதுதான் இருக்கிறதே, திருத்தாதது எதற்கு என்று நினைத்தேன். உன்னிடம் கேட்கவும் இல்லை.

அதன்பிறகு நீ அந்த ஆல்பத்தை வைத்துக்கொண்டு பயிற்சி செய்தாய். உன்னை வெட்டி ஒட்டி நான் செய்த ஒருத்தனைப்போல் வாசிக்க நீயே பழகினாய். மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு பழகினாய். இரண்டு காதிலும் கிளிக். கேன்டீனில் மேசைக்கு அடியில் கால் தட்டுவது நின்றுபோனது. நான் அதைக் கவனித்தேன், கவனம் கூடியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

குட்டியானை வண்டியில் டிரம்ஸை ஏற்றிக்கொண்டு பிச்சாட்டூர், புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போய் வாசித்தோமே, நம் கடைசிக் கச்சேரி. பாட்டு முழுக்க நீ ஒருமுறைகூட நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. ஒரு அடி பிசகவில்லை. இறங்கியதும் குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டாய். "இன்னிக்கி ரிஜெக்ட் இல்லியே?"

"இல்ல. எல்லாம் ஓகே" என்றேன்.

மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல். மூன்றே நாள். உன்னிடம் வாசிப்பைப் பற்றி நான் கடைசியாகச் சொன்னது அந்த ஓகேதான்.

அந்த நினைவுக் கச்சேரி முடிந்த நான்காம் நாள் பவி ஒரு வீடியோ அனுப்பினாள். "எங்கிட்ட இது ஒன்னுதாண்ணா கீது" என்று எழுதியிருந்தாள். குடோனில் மூட்டைமேல் ஃபோனைச் சாய்த்துவைத்து எப்போதோ எடுத்தது. ரெக்கார்டிங்குக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையாக இருக்கவேண்டும், என் பழைய கிட்டார் தெரிகிறது. நடுவில் உன் அம்மா குரல், "முனீ, சோறு ஆறுது, வந்து துன்னுட்டுப் போய் அடிடா" என்று. நாம் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக அதே பாட்டை வாசிக்கிறோம்.

சத்தம் கரகரவென்று இருந்தது. அதனால் நான் படத்தைப் பார்த்தேன். நீ டிரம்ஸைப் பார்க்கவே இல்லை முனி. நீ பார்ப்பது என் இடது கையை. ஏழாவது அடியில் கிட்டாரில் அந்த அகலமான கார்டு வருமே, பல கம்பிகளைச் சேர்த்து, சுண்டு விரலை நீட்டிப் பிடிக்கவேண்டியது. என் விரல் அங்கே போய்ச் சேரத் தாமதமாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் தாமதமாகிறது. நீ குச்சியைத் தூக்கியபடி என் விரலைப் பார்க்கிறாய். அது கம்பியைத் தொடுகிறது. அப்புறம்தான் அடிக்கிறாய்.

எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று கேட்காதே. தாமதித்தது நான். நீ எனக்காக நின்றாய். நான் தனியாக உட்கார்ந்து என் தாமதத்தை வெட்டி எறிந்துவிட்டு, எனக்காக நின்றவனைத் திரையில் காட்டி, பார் நீ லேட்டு என்றேன்.

உனக்குத் தெரியுமா முனி? தெரிந்தும் என் முகம் வாடக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டாயா? இல்லை, உன் கை தானாகச் செய்ததா, நான் சொன்னதை நம்பி உன்னையே சந்தேகப்பட்டாயா? இரண்டில் எது என்று எனக்கு இனி யார் சொல்வார்கள்?

மறுநாள் உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா உட்காரச் சொன்னது. உட்காராமலே சொன்னேன். அழித்ததைச் சொன்னேன், விரலைப் பற்றியும் சொன்னேன்.

"அழிச்சிட்டா திரும்ப வராதாப்பா?" என்று கேட்டது அம்மா.

"வராதும்மா."

அம்மா உள்ளே போய்விட்டது. பவிதான் பேசினாள்.

"அப்போ லேட்டு நீங்களா? உங்க ரூம்லேர்ந்து வந்து மூனு நாளு எங்கண்ணன் குடோன் பக்கமே போவல. கேட்டதுக்கு, 'எனுக்குத் தாளமே நிக்கல பவி, இத்தினி வருஷமா தெரியாமயே அடிச்சிக்கினுகீறேன்'னுச்சி. தெரியுமா உங்களுக்கு?"

எனக்குத் தெரியாது முனி. அவள் சொல்லித்தான் தெரிந்தது. மேலே கேட்ட கேள்விக்கு அதுதான் பதில் என்றும் தெரிந்தது. இருந்தும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

"ஆல்பத்துல டிரம்ஸ் முனிரத்தினம்னு போட்டுக்கீதே, அந்தப் பேர எடுத்துடுங்கண்ணா" என்றாள். "எல்லாரும் எவனையோ கேட்டுட்டு எங்கண்ணன் பேரச் சொல்லிக்கினுகீறாங்க. எடுத்துடுங்க." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வாசல்வரை வந்து, "பஸ்ஸு வர்ற நேரம், பாத்துப் போங்கண்ணா" என்றாள்.

எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் என் பெயரையும் கம்ப்யூட்டரையும் போட்டிருக்கிறேன். செத்தவன் பேரைத் திருடிவிட்டான் என்று இப்போது எல்லாரும் என்னைக் காறித் துப்புகிறார்கள். திட்டட்டும். அவர்கள் சொல்லும் காரணம் தப்பு, ஆள் சரி. அந்த வீடியோ பவியுடையது, அதை வெளியில் விடுவதும் விடாததும் அவள் இஷ்டம். அதில் நான் கை வைக்கமாட்டேன்.

இன்னொன்று, அது உனக்குத் தெரியாதது இல்லை. மேடையில் அந்த ஏழாவது அடிக் கார்டை நான் வாசிப்பதே இல்லை. முன்பே எடுத்துவைத்ததைக் கம்ப்யூட்டர் வாசித்துவிடும், நான் விரலை வைத்துக்கொண்டு நிற்பேன். சத்தம் நிறைவாக இருக்கும் என்று உன்னிடம் காரணம் சொன்னேன். எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மாதம் சித்தூரில் வம்சியுடன் மறுபடி கச்சேரி. அன்றைக்குக் கம்ப்யூட்டரை நிறுத்திவிடுவேன் முனி, இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. வம்சி கிளிக்கோடு வாசிப்பான், அவன் கண்ணைத் தூக்கமாட்டான். ஒவ்வொரு ஏழாவது அடியும் எனக்கு முன்னால் விழுந்துவிடும், என் விரல் பின்னால் போய்ச் சேரும். சுற்றுக்குச் சுற்று, பாட்டு முடியும்வரை எல்லாரும் அதைக் கேட்பார்கள். அம்மாவையும் பவியையும் முன்வரிசைக்குக் கூப்பிட்டிருக்கிறேன். முடிந்ததும் மைக்கை வாங்கி, ரிஜெக்ட் யார் என்று நானே சொல்வேன்.

நீ நின்றும் எட்டிப் பிடிக்கத் தெரியாத
உன் மாமன்,
கோபி