கூட்டலில் வராத தீவு

மார்ச் 4, செவ்வாய்

மழை. கம்ப்யூட்டர் காலையிலிருந்து அடம். மொத்தம் வரவேண்டிய கட்டத்தில் ஃபார்முலாவைத் தட்டினால் விடை வருவதில்லை, தட்டிய எழுத்தே அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஏரித் தீவுகளிலுள்ள மருத்துவ நிலையங்கள் கேட்ட மலேரியா மாத்திரைக் கணக்கெல்லாம் இந்தப் பெரிய தீவு அலுவலகத்தில் கூடினால்தான் அக்கரையிலுள்ள கிடங்குக்கு எழுத முடியும்.

மதியம் எல்லோரும் மாமரத்தடியில் சாப்பிட்டார்கள். மாத்தோக்கே என்ற வாழைக்காய் மசியலும் வேர்க்கடலைக் குழம்பும். நான் என் மேஜையிலேயே. அவர்கள் சிரிப்பது என்னைப் பற்றி இல்லை, தெரியும். ஆனால் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியும் அளவுக்கு இவர்களுடைய லுகாண்டா மொழி இன்னும் வரவில்லையே.

மார்ச் 6, வியாழன்

பிடித்துவிட்டேன். எனக்கு முன்னால் இருந்தவர் மொத்தம் வரும் அந்த வரிசை முழுவதையும் 'எழுத்து' வகையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எழுத்து என்று சொல்லிவிட்டால் அது ஏன் கணக்குப் போடும்? வகையை மாற்றினேன். அப்போதும் அசையவில்லை. கட்டத்துக்குள் போய் மறுபடி எண்டர் தட்டியதும் மொத்தம் வந்தது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அதிகாரி செம்பாத்யாவிடம் சொன்னேன். "அப்படியா, நல்லது" என்றார், போனைப் பார்த்துக்கொண்டே. என் கணவன் ஓடோங் இருந்திருந்தால் ஒன்றும் புரியாமலே கடைசிவரை கேட்டிருப்பான்.

வடக்கே குலு ஊரில் வீடு முழுக்க அவன்தான் இருந்தான், செத்த பிறகும். அதனால்தானே மாற்றல் கேட்டேன். இங்கே யாரும் இல்லை. அதுவும் தாங்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

மாத்திரை வந்தது. ஒவ்வொரு தீவுக்கும் பிரித்துக் கட்டினோம். பட்டியலில் கடைசி லுவாபி. அதன் முறை வரும்போது பெட்டி காலி. கிடங்கில் குறைத்து அனுப்பியிருப்பார்கள் என்றார் செம்பாத்யா. இருக்கலாம். அரசுப் படகு லுவாபிக்கு ஒன்றும் இல்லாமலே புறப்பட்டது.

மார்ச் 17, திங்கள்

லுவாபி நர்ஸ் நமுத்தெபி போன் செய்தாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"நாங்க இருக்கோமா செத்துட்டோமான்னு ஆபீஸ்ல யாருக்காச்சும் தெரியுமா?"

கிடங்கில் குறைத்துவிட்டார்கள் என்றேன்.

"கிடங்கா? நேத்து ஒரு சின்னப் பொண்ணுக்கு ஜுரத்துல வலிப்பு வந்துருச்சு. அவள இடுப்புல கட்டிக்கிட்டு அந்தக் காத்துல பக்கத்துத் தீவுக்குத் துடுப்புப் போட்டுப் போனேன். அங்கயும் கொஞ்சந்தான் குடுத்தாங்க. நாளைக்கு இன்னொண்ணுக்கு வந்தா, உங்க கிடங்க வந்து தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

வைத்துவிட்டாள். நாங்கள் கிடங்குக்கு எழுதிய தாளைத் தேடி எடுத்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

கிடங்கில் குறைக்கவில்லை. நாங்கள் கேட்டதை அப்படியே அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் கேட்டதிலேயே லுவாபி இல்லை.

மற்றவர்கள் வெறும் எண்ணை அனுப்பியிருக்க, நமுத்தெபி '40 டப்பா' என்று அனுப்பியிருந்தாள். நானும் அப்படியே தட்டியிருக்கிறேன். டப்பா என்ற சொல் சேர்ந்ததும் அந்தக் கட்டம் எண் இல்லை, எழுத்து. கூட்டல் குறி போட்டு ஒவ்வொன்றாகக் கூட்டியிருந்தால் பிழை என்று காட்டியிருக்கும். நான் போட்ட சம் ஃபார்முலா அப்படி இல்லை. எழுத்தைக் கண்டால் பேசாமல் தாண்டிப் போய்விடும். மொத்தம் ஒன்று வந்துவிடும், பார்க்க ஒழுங்காகவும் இருக்கும்.

விடை வந்த சந்தோஷத்தில் நான் சரிபார்க்கவே இல்லையே — அந்தப் பெண்குழந்தைக்கு என்ன வயசோ? கேட்கக்கூட இல்லை நான்.

மார்ச் 19, புதன்

செம்பாத்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். இங்குள்ள மருத்துவமனை இருப்பிலிருந்து எடுக்கக் கையெழுத்துப் போட்டார்.

"மருந்து இருக்கு அச்சிரோ, படகு இல்லையே. மாசக் கடைசி வரைக்கும் வராது."

"மீன் படகு போகுதே சார்."

"உனக்குத் தண்ணின்னா பயமாச்சே. வரும்போது படகுல கண்ண மூடிக்கிட்டே வந்தியாம்."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அப்படியானால் என்னைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள்.

மார்ச் 20, வியாழன். லுவாபி

வந்துவிட்டேன். வழியெல்லாம் வாந்தி. படகோட்டி வஸ்வா, "மேடம், ஏரி உங்கள ஒண்ணும் பண்ணாது, நீங்கதான் ஏரிய ஒரு வழி பண்றீங்க" என்றான்.

நமுத்தெபி என்னைவிடச் சின்னவள், ஒல்லி. பெட்டியை வாங்கி எண்ணி அடுக்கி முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. பிழை எங்கே என்று சொன்னேன். ஏன் டப்பா என்று சேர்த்து எழுதினாய் என்று கேட்டேன். தப்பாகக் கேட்டுவிட்டேன் போல.

"போன வருஷம் வெறும் நாப்பதுன்னு எழுதினேன். நாப்பது அட்டை வந்துச்சு. ஒரு டப்பாவுல எத்தன அட்டைன்னு உங்களுக்குத் தெரியும்ல? அதான் எழுதினேன்."

எண் ஒரு கட்டத்திலும் டப்பா, அட்டை அடுத்த கட்டத்திலும் இருக்கும்படி செய்கிறேன் என்றேன். "செய்யுங்க" என்றாள்.

குழந்தையைப் பார்க்கப் போனேன். நான்கு வயது. பெயர் நன்சுபுகா. பிழைத்துவிட்டாள். ஆனால் இடது கையைத் தூக்கவில்லை. நாளாக ஆக வரலாம், வராமலும் போகலாம் என்கிறாள் நமுத்தெபி. குழந்தையின் அம்மா எனக்கு உட்காரப் பாய் விரித்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. சொன்னேன். நமுத்தெபி மொழிபெயர்த்தாள். முழுதாகச் சொன்னாளா, தெரியாது. அந்த அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். பிறகு தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

ஏப்ரல் 3, வியாழன்

எத்தனை நிலையங்கள் எண் கொடுத்திருக்கின்றன என்று பார்க்க ஒரு ஃபார்முலா போட்டேன். ஒன்று குறைந்தாலும் கட்டம் சிவப்பாக வேண்டும். சோதிக்க வேண்டுமென்றே ஓரிடத்தில் எழுத்தைத் தட்டினேன். சிவக்கவில்லை. பயந்துபோனேன். பார்த்தால், கணக்கைத் தானாகப் போடாமல் நாம் சொன்னால்தான் போடும்படி வைத்திருக்கிறது. அதையும் மாற்றினேன். சிவந்தது.

ஆனாலும் ஒவ்வொரு நிலையத்துக்கும் போன் செய்து எண்ணை வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாள் முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

நமுத்தெபி கூப்பிட்டாள். மருந்து விஷயமோ என்று பேனாவை எடுத்தேன். "ஒண்ணுமில்ல, இங்க பேச ஆள் இல்ல" என்றாள். என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவள் அறையின் கூரை ஒழுகுகிறதாம். ஓடோங் கூரை வேய்பவன் என்று சொன்னேன். அவன் பெயரை வாய்விட்டுச் சொல்லி எத்தனை நாளாயிற்று.

மே 5, திங்கள். லுவாபி

வெள்ளியன்று வந்தேன், புது அட்டவணையை நமுத்தெபியின் போனில் போட்டுக் காட்ட. அது அன்றே முடிந்துவிட்டது. நேற்று நன்சுபுகாவின் கைக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிட்டோம். விரல்கள் மடங்குகின்றன. கை இன்னும் எழவில்லை.

இன்று விடிந்ததும் வஸ்வா கரையிலிருந்து குரல் கொடுத்தான். நமுத்தெபி என்னைப் பார்க்காமல் மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். சேற்றில் இறங்கி அவனிடம் போனேன். ஒரு நாள் விடுப்பு என்று செம்பாத்யாவிடம் சொல்லச் சொன்னேன்.

"நாளைக்குக் காலையில வரட்டா மேடம்?"

"சாயங்காலமா வா" என்றேன்.