நீல மூலைக்காரனுக்கு

இன்று காலை, குளிருக்கு வெடித்த கைகளுக்குப் பூசலாமென்று வாஸ்லின் டப்பாவைத் திறந்தேன். விரலில் எடுத்தது கைக்குப் போகவில்லை. எதிரே யாரோ கதிரையில் இருப்பதுபோல, என் பெருவிரல் காற்றில் ஒரு புருவத்தைத் தேடியது. சமையலறையில் நான் மட்டும்தான். சன்னலுக்கு வெளியே ஸ்காபரோவின் உப்புத் தூவிய தெருவும் அழுக்குப் பனியும். விரலைத் துடைக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன், மச்சான். நீ போய் இன்னும் ஒரு மாரி முடியவில்லை.

லண்டனில் பெற்றோல் நிலையத்தில் நாம் ஒன்றாக வேலை செய்த காலத்தில், நீ முகம் வீங்கி வரும்போதெல்லாம் ஏதோ பெண் விவகாரம் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு நாள் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாய், நீ அனுமதி பெற்ற தொழில்முறைக் குத்துச்சண்டைக்காரன் என்று. மேடை மூலையில் எனக்கு வாளியும் துவாயும் பிடிக்க வா என்றாய். எனக்கு ஒரு மண்ணும் தெரியாதே என்றேன். "தெரியத் தேவையில்லை. அடி வழுக்கிப்போகப் புருவத்திலை வாஸ்லினைப் பூசு, மணி அடிச்சதும் கதிரையை வை, என்னைப் பாத்து அழாதை." என் பயிற்சி அவ்வளவுதான்.

உன் தொழில் இன்னதென்று எனக்குப் பிடிபடச் சில காலம் எடுத்தது. மேடையின் சிவப்பு மூலையில், போட்டி நடக்கிற ஊர்ப் பையன் நிற்பான். அவனுடைய மாமன், மச்சாள், கூடப் படித்தவர்கள் எல்லாரும் சீட்டு வாங்கி வந்திருப்பார்கள். நீல மூலையில் நீ. தோற்கும்படி ஒருவரும் உனக்குச் சொன்னதில்லை, சொல்லத் தேவையும் இல்லை. வளர்ந்துவரும் பையனை வென்றுவிட்டால் அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். அடிபட்டு விழுந்தாலோ, கிழமைக்கணக்காக மேடையேற விடமாட்டார்கள். ஆகவே வெல்லவும் கூடாது, விழவும் கூடாது. அந்த ஒடுங்கிய இடைவெளிக்குள் நீ ஆண்டுக்கணக்காகக் குடும்பம் நடத்தினாய். சனிக்கிழமை விடியவே ஃபோன் வரும். வடக்கே எங்கேயோ ஒரு ஊரில் யாரோ கடைசி நேரத்தில் மாட்டேன் என்றுவிட்டான், வர முடியுமா என்று. என் பழைய காரில் மீன் பணிஸ் தின்றுகொண்டு போவோம்.

சின்னப் போட்டிகளில் நடுவர் ஒருவரே புள்ளி போட்டு, வென்றவனின் கையைத் தூக்குவார். நீ அதுவரை பொறுப்பதில்லை. கடைசி மணி அடித்ததும் நேரே போய் அந்தப் பையனைக் கட்டிப்பிடித்து, அவன் கையை நீயே தூக்கிவிடுவாய். சனம் எழும்பி நின்று கைதட்டும். ஏனடா இந்த அவசரம் என்று கேட்டேன். "அவன்ரை அம்மா பாத்துக்கொண்டு இருக்கிறா. எவ்வளவு நேரம் ஏங்க விடுறது?" என்றாய்.

அந்த மழை நாளை நினைக்கிறேன். எதிரே நின்ற பையன் பயத்திலேயே பாதி களைத்துப்போனான். நீ வழக்கம்போலத் தடுத்து, விலகி, இடைக்கிடை ஒன்று கொடுத்து, பொழுதைப் போக்கினாய். மணி அடித்தது. வழக்கம்போலப் போய் அவன் கையைத் தூக்கினாய். நடுவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்து உன் மற்றக் கையைப் பிடித்து உயர்த்தினார். தோற்றவனின் கையை நீ தூக்க, உன் கையை அவர் தூக்க, மூன்று பேரும் அப்படியே நின்றீர்கள். மண்டபம் கூக்காட்டியது. எனக்கோ சந்தோசத்தில் வாளி கை நழுவி, தண்ணீர் முழுக்க என் சப்பாத்துக்குள் போயிற்று. நீ மட்டும், வகுப்பில் பிழையான விடை சொல்லிவிட்ட பிள்ளை மாதிரி முழித்தாய்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, மச்சான். இனி ஃபோன் வராது," என்றாய் காரில். வரவும்தான் இல்லை. மாதக்கணக்காக இரட்டை வேலை செய்தாய். பிறகு எங்கேயோ போய் ஒழுங்காகத் தோற்ற பின்தான் ஃபோன் மறுபடி அடித்தது. உன் மனைவிக்குக்கூட நீ அந்த வெற்றியைச் சொல்லவில்லை.

நாம் இரண்டு பேரும் ரொறன்ரோவுக்கு வந்த பிறகு, விருந்துகளில் யாராவது, "அண்ணை, எத்தினை பேரை விழுத்தினீங்கள்?" என்று கேட்டால், "நான் விழேல்லை," என்று மட்டும் சொல்வாய். அவர்கள் பகிடி என்று சிரிப்பார்கள். எனக்கு ஆத்திரமாக வரும்.

உன் மனைவி கண்ணை மூடினாள். பிறகு உன் ஞாபகமும் ஒவ்வொன்றாகக் கழன்றது. இரண்டு பஸ் மாறி அந்தப் பராமரிப்பு இல்லத்துக்கு வருவேன். தாதி உனக்குப் பிறஷர் பார்த்து முடித்ததும் அவள் கையைத் தூக்கிவிடுவாய். சாப்பாடு கொண்டுவருபவனின் கையையும் தூக்குவாய். அவர்கள் ஏதோ ஆசீர்வாதம் என்று நினைத்தார்கள். அது என்னவென்று தெரிந்த ஒரே ஆள் நான், அதைப் பேச எனக்கும் உன்னை விட்டால் ஆளில்லை. உன் தலைக்குள் எல்லாம் அணைவதற்கு முன், நீ ஒருமுறை வென்றவன் என்பதை உன்னை ஒப்புக்கொள்ள வைத்துவிட வேண்டுமென்று எனக்கு வெறியாக இருந்தது. வரும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும், "அது வேறை ஆரோ," என்றாய்.

கடைசியாக வந்த அன்று, நான் புறப்பட எழுந்ததும் என் கையைத் தூக்கப் பார்த்தாய். நான் விடவில்லை. உன் கையைப் பிடித்து என்னால் முடிந்தமட்டும் மேலே தூக்கினேன். நீ அந்தரப்பட்டு என் பின்னால் எட்டிப் பார்த்தாய். அங்கே யாரையோ தேடினாய்.

"மச்சான், ஆள் மாறிப்போச்சு," என்றாய். கையை இழுத்துக்கொண்டாய். நான் தோற்றுப்போய், பஸ்ஸில் ஏறி அழுதேன்.

உன் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த அன்று, ஒஷாவாவிலிருந்து வந்த உன் மகன் என் பக்கத்தில் நின்றான். "அங்கிள், அப்பா எப்பவாவது வின் பண்ணினவரோ?" என்று மெல்லக் கேட்டான்.

"ஓம் தம்பி. ஒருக்கா வெண்டவர். நான் பாத்தனான்."

"பிறகேன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் ஃபோன் வராதெண்டு பயந்தவர்."

அவன் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு முடியுமுன்பே முகத்தைப் பொத்திக்கொண்டான். பிறகு தானாகவே குனிந்து, பெட்டிக்குள் இருந்த உன் வலது கையைக் கொஞ்சம் உயர்த்தினான். இந்த முறை நீ இழுத்துக்கொள்ளவில்லை.

அந்த வெற்றியை அவனிடம் கொடுத்துவிட்டேன். என்னிடம் மிச்சம் இருப்பது இந்தப் பெருவிரலின் பழக்கம்தான். விரலில் வாஸ்லினோடு எவ்வளவு நேரமென்று நிற்பது? கடைசியில் அதை என் புருவத்திலேயே பூசிக்கொண்டு, தேத்தண்ணீருக்குக் கேத்திலைப் போட்டேன்.