பொம்மை சாகக் கூடாதாம்

ஜூன் 9, திங்கள்

பொம்மை வந்து இறங்கிவிட்டது. உயிருள்ள நோயாளியைக்கூட இந்தக் கட்டடத்தில் யாரும் இவ்வளவு பதமாகத் தூக்கி நான் பார்த்ததில்லை. மூச்சு விடுகிறது, கண் சிமிட்டுகிறது, நாடி துடிக்கிறது. வயிற்றை அமுக்கினால் "எனக்கு வலிக்கிறது" என்று செய்தி வாசிப்பவர் குரலில் அறிவிக்கிறது.

நர்சிங் கல்லூரி முதல்வர் அம்மா ரிப்பன் வெட்டிவிட்டுப் பேசினார். "இனிமே நம்ம பிள்ளைங்க நோயாளியத் தொடாமலே எல்லாத்தையும் கத்துக்கலாம்."

தொடாமல் வைத்தியம் பார்ப்பதற்கு இங்கே பல டாக்டர்கள் இருக்கிறார்கள். நர்சுகளும் அதைப் படிக்க வேண்டுமாம்.

இந்த அறைக்கு நான்தான் பொறுப்பு. பாதி ஆயுளை வார்டில் நின்றே கழித்தவளுக்கு முழங்கால் தேய்ந்தால் இதுதான் பதவி உயர்வு. பொம்மைக்கு ஆயா.

ஜூன் 11, புதன்

பொம்மையோடு ஒரு விளையாட்டும் வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் தம்பி திரையில் காட்டினான். கை கழுவினால் நட்சத்திரம் விழுகிறது. நோயாளியைப் பார்த்துச் சிரித்தால் இதயம் பறக்கிறது. டாக்டரிடம் ஒரே விஷயத்தை இரண்டு தடவை கேட்டால் மரியாதைப் புள்ளி குறைகிறது.

"டாக்டர் தப்பாச் சொன்னா என்ன பண்றது தம்பி?"

"அப்படி ஆப்ஷன் இல்ல மேடம். அவர் சொல்றது எப்பவும் கரெக்டாத்தான் இருக்கும்."

கொடுத்து வைத்த ஆஸ்பத்திரி.

ஜூன் 12, வியாழன்

பொம்மைக்கு இருமல் நிற்கவே இல்லை. வயரைப் பிடுங்கிக் குணப்படுத்தினேன்.

ஜூன் 20, வெள்ளி

மூன்றாம் ஆண்டுப் பெண்கள் விளையாடினார்கள். நட்சத்திர மழை. அதிகப் புள்ளி எடுத்தவளைப் பொம்மையிடம் அனுப்பினேன். பத்து நிமிடம் திரையில் ஓடிய எண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொம்மையின் உதடு நீலமானதைக் கவனிக்கவில்லை. "புள்ளி எங்க மேடம் காட்டும்?" என்று கேட்டாள்.

இந்தக் கூட்டத்தில் ஒருத்தி இருக்கிறாள். கேள்வி கேட்டால் பதில் அவள் சட்டைக் காலருக்கு மட்டும்தான் கேட்கும். கூடப் படிப்பவர்கள் வாயில்லாப்பூச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கும் அந்தப் பெயர்தான் நாக்கில் வருகிறது. இதெல்லாம் எதற்கு நர்ஸ் வேலைக்கு வருகிறது?

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார்: "என்ன, பொம்மையோட சண்டை போட்டுட்டு வந்தியா?" அது பரவாயில்லை, திருப்பிப் பேசுகிறது என்றேன்.

ஜூலை 2, புதன்

மனசு ஆறவில்லை. எழுதிவிடுகிறேன்.

நேற்று பெண்கள் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தைப் போட்டுவிட்டார்கள். உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்து, தீவிர சிகிச்சையில் கிடக்கிறாள். கையில் சிவப்புப் பட்டை கட்டியிருந்தது. அதில் மருந்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. எழுதிக் கொடுத்த டாக்டர் பார்க்கவில்லை. ஊசி போட்ட பெண் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் போட்டிருக்கிறாள்.

ஏன்டி என்று கேட்டேன். "சாருக்குத் தெரியாமலா இருக்கும் மேடம்?" என்கிறாள்.

நான் பாடம் எடுத்த பெண்தான். ஊசியை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எப்போது போடாமல் இருப்பது என்று எவள் சொல்லிக் கொடுத்தாள்?

ஜூலை 3, வியாழன்

அந்த நோயாளி பிழைத்துக்கொண்டாள். ஒரு யோசனை வந்தது. பொம்மையின் கையில் சிவப்புப் பட்டை கட்டி, பென்சிலின் ஆகாது என்று எழுதுவது. டாக்டர் வந்து பென்சிலின் போடச் சொல்வது. யார் மறுக்கிறாள் என்று பார்ப்பது.

டாக்டராக நடிக்கப் பெரிய டாக்டரையே கேட்டேன். அறுவை சிகிச்சைப் பிரிவே அவர் கண்ணசைவுக்கு நடுங்கும்.

"நான் எதுக்குத் தப்பாச் சொல்லணும்?" என்றார்.

"நடிப்புதான் டாக்டர்."

"நடிப்புலகூட எனக்கு வராது."

வீடியோ எடுப்போம் என்றதும் வந்தது.

ஜூலை 9, புதன்

புதுக் கோட்டு போட்டு வந்திருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் பொம்மைக்குக் குரல் கொடுத்தேன். ஒவ்வொருத்தியாக உள்ளே வந்தார்கள். பென்சிலின் போடு என்றார். போட்டார்கள். பட்டையைப் பார்க்காமல் போட்டவர்கள் பாதி. பார்த்துவிட்டுப் போட்டவர்கள் மீதி. "அரிக்குது சிஸ்டர், மூச்சு முட்டுது" என்று நான் கத்திக்கொண்டிருக்கிறேன், இவர்கள் டாக்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

வாயில்லாப்பூச்சி பட்டையைத் தொட்டுக்கூடப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். டாக்டர் புருவத்தை உயர்த்தினார். மூடிக்கொண்டாள். ஊசி இறங்கியது. திரையில் கோடு நேராகிவிட்டது.

வகுப்பு மொத்தமும் ஒரு பொம்மையைத் திரும்பத் திரும்பக் கொன்று முடித்ததும் டாக்டர் என் பக்கம் வந்தார். முகமெல்லாம் திருப்தி. "நல்ல ஒழுக்கமான பிள்ளைங்க."

பிறகு எல்லோரையும் உட்கார வைத்து வீடியோவைக் காட்டினேன். வாயில்லாப்பூச்சியிடம் கேட்டேன்: "பட்டையப் பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன் மேடம்."

"அப்புறம் என்ன?"

"சார் நிக்கிறாரு..."

"சார் நிக்கிறாரு. அது படுத்துடுச்சு. செத்தது ரப்பருங்கறதால நீ வீட்டுக்குப் போற."

எழுந்து வெளியே போனாள். முகம் கழுவிவிட்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். சொன்னது அதிகமோ? இல்லை. அதிகமாக இருந்தால் இருக்கட்டும்.

ஜூலை 14, திங்கள்

முதல்வர் அம்மா கூப்பிட்டு அனுப்பினார். பிள்ளைகள் அழுகிறார்களாம். ஒருத்தியின் அப்பா போன் செய்தாராம். அதனால் இனிமேல் பொம்மை சாகக் கூடாதாம்.

"அப்ப வார்டுல சாகட்டுங்கறீங்களா மேடம்?"

பேப்பர் வெயிட்டைக் கொஞ்ச நேரம் உருட்டினார். நீண்ட ஆலோசனைக்குப் பிறகு மயக்கம் வரை அனுமதி கிடைத்திருக்கிறது.

பெரிய டாக்டருக்கும் இனி நேரமில்லையாம். தன் வீடியோவை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

டாக்டர் இல்லாவிட்டால் என்ன? கோட்டு இருக்கிறது. நானே மாட்டிக்கொண்டு திட்டுகிறேன். பெண்கள் பட்டையைக் காட்டி, மருந்தின் பெயரைச் சொல்லி, போட மாட்டேன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதலில் சிரித்தார்கள். நான் ட்ரேயைத் தட்டியதும் சிரிப்பு நின்றது. எனக்கு டாக்டர் வேஷம் நன்றாகவே பொருந்துகிறது. யாரையும் கேட்காமல் கத்துவது இவ்வளவு சுகமா?

சாப்பாட்டு நேரத்தில் வாயில்லாப்பூச்சி தனியாக வந்து நின்றாள். "என்னைத் திட்டுங்க மேடம்."

திட்டினேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் மோசமாத் திட்டுங்க."

இப்படி ஒரு விண்ணப்பம் வாழ்க்கையில் எனக்கு வந்ததில்லை. குறை வைக்கவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தினமும் வருகிறாள். இன்று "போட மாட்டேன் சார்" என்பது காதில் விழுந்தது. பொம்மைக்குக் கேட்டிருக்குமா தெரியாது. எனக்குக் கேட்டது.

கம்ப்யூட்டர் தம்பி சும்மா இருப்பானா? விளையாட்டில் 'மறுத்துப் பேசு' என்று ஒரு பொத்தான் வைத்துவிட்டான். அழுத்தினால் நட்சத்திரம். பெண்கள் நட்சத்திரத்துக்காக எல்லாவற்றையும் மறுக்கிறார்கள். நேற்று ஒருத்தி தண்ணீர் கொடுக்கக்கூட மறுத்துவிட்டாள்.

செப்டம்பர் 10, புதன்

ஊரெல்லாம் காய்ச்சல். நர்சுகளில் பாதிப் பேர் லீவ். மாணவிகளைக் கூட்டிக்கொண்டு என்னையும் வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முழங்கால் அழுதது. எனக்கு உள்ளூர சந்தோஷம். உண்மையான நோயாளிகள், உண்மையான நாற்றம்.

மூலைக் கட்டிலில் சர்க்கரை வியாதிக்கார அம்மா. காலை ஊசிக்கு நேரமாகிவிட்டது. பின்னால் இரண்டு பேர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "இன்சுலினப் போட்டுட்டு வா" என்று வாயில்லாப்பூச்சியிடம் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அவள் நகரவில்லை.

"மேடம், இந்தம்மா வெறும் வயிறு. ஸ்கேனுக்காக நேத்து ராத்திரியிலிருந்து சாப்பிடல. இப்பப் போட்டா சர்க்கரை இறங்கிடும்."

"எனக்குப் பாடம் எடுக்கறியா? சொன்னதச் செய்."

வார்டு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவள் சிரிஞ்சை ட்ரேயில் வைத்துவிட்டாள்.

"நான் போட மாட்டேன் மேடம். டாக்டரக் கேட்டுட்டு வந்துடறேன்."

சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் கட்டிலுக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். தலைமாட்டில் பலகை தொங்கியது. உணவு இல்லை என்று எழுதியிருந்தது. என் கண்ணெதிரேதான் இருந்தது.

போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள். ஸ்கேன் முடிந்து சாப்பிடும் வரை ஊசி வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நான் என்ன செய்தேன்? நன்றி சொன்னேனா? காது சுட்டது. அடுத்த கட்டிலுக்குப் போய் மடித்திருந்த போர்வையை இன்னொரு தடவை மடித்தேன். ஒரு பொடிப்பெண், எல்லோர் முன்னாலும், என்னை. மத்தியானம் வரை இதுதான் ஓடியது. அந்த அம்மாவுக்கு என்ன ஆகியிருக்கும் என்பது அதற்குப் பிறகுதான் ஓடியது.

எவ்வளவு பேரைப் பார்த்து எவ்வளவு இளக்காரமாக எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு எப்படித் தெரியும், அந்த டாக்டர்களின் இடத்தில் நின்றால் இப்படித்தான் இருக்கும் என்று.

செப்டம்பர் 12, வெள்ளி

பொம்மை அறையில் எல்லோரையும் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். ஊசி போடச் சொன்னது நான், நிறுத்தியது இவள், வாயடைத்துப் போனதும் நான். பொத்தான் எதையும் அழுத்தாமல் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "உங்களுக்குக் கோபம் வரலையா மேடம்?"

"வந்துச்சு."

"இப்போ?"

"கொஞ்சம் மிச்சம் இருக்கு."

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், வாய் விட்டு.

திங்களிலிருந்து மறுபடியும் வார்டு. என்கூட யாரைப் போடட்டும் என்று முதல்வர் அம்மா கேட்டார். அவளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.