பிரென்ட் நீட்டிய மைக்

அம்மா,

முட்டி வலி குறைந்ததா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். சனிக்கிழமை ஃபிலடெல்ஃபியாவில் நடந்ததை யாராவது உன்னிடம் பெரிதாக்கிச் சொல்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன். அடிதடி எதுவும் இல்லை.

ஒரு காலத்தில் உன்னோடு சுற்றிய பிரென்டின் குழு போட்ட ஆல்பத்துக்கு இருபது வயதாம். அதை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கும் கச்சேரி. அவர்களுக்கு முன்னால் எங்கள் பங்க் ராக் குழு. டிரம்ஸ் அடிப்பவள் உன் மகள் என்று அவனுக்குத் தெரியாது.

முன்னால் வாசிப்பவர்கள் மேடையிலேயே பெரிய குழுவுக்கு நன்றி சொல்வது வழக்கம். "இன்னைக்கு நான் சொல்றேன்டி" என்று எங்கள் பாடகி மேசியிடம் மைக்கை வாங்கினேன். வகுப்பில்கூட வாய் திறக்காதவள் நான்.

"ஏழாவது பாட்டுல 'ஓடிப்போனவளே'ன்னு கத்துவீங்களே, அது எங்கம்மா. அவ ஓடிப்போகல. அவளைக் காய்ச்சலோட பெட்ரோல் பங்க்ல இறக்கிவிட்டுட்டு, அவ வேனையே ஓட்டிட்டுப் போனவன் பிரென்ட். ரொம்ப நன்றி, பிரென்ட்!"

பிறகு அவர்கள் வாசிக்கும்போது, ஏழாவது பாட்டில் அந்த வரிக்கு அவன் வழக்கம்போல் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான். முன்வரிசையில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பின்னாலிருந்து ஒருவன், "நீயே பாடுறா, வேன் திருடா!" என்றான். சிரிப்பு அடங்கவே இல்லை.

கச்சேரி முடிந்ததும் பிரென்ட் என்னிடம் வந்து, "இருபது வருஷத்துக் கதை பாப்பா, விட்டுத்தொலைக்கக் கூடாதா?" என்றான்.

"நீ விட்டியா? ஊர் ஊரா பாடிட்டுத்தானே இருக்கே?" என்றேன். கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை.

எங்களை அவர்களுடைய கச்சேரிப் பயணத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். கவலைப்படாதே, வேறு கச்சேரிகள் இருக்கின்றன. தடித்த காலுறை அனுப்பு. மக்ரோனியின் மேல் என்ன தூவுவாய் என்றும் எழுது; நான் செய்தால் உன்னுடையது மாதிரி வருவதில்லை.

மேசி ஹாரன் அடிக்கிறாள். நேற்று பிட்ஸ்பர்க் கச்சேரியில் பிரென்ட் ஆறாவது பாட்டிலிருந்து நேராக எட்டாவதற்குத் தாவிவிட்டானாம்.

உன் கோரி