பேசாத டீச்சரும் நூறு குச்சிகளும்

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. தொண்டையில் ஆபரேஷன் முடிந்தது. மூன்று மாதம் ஒரு சொல்கூடப் பேசக் கூடாதென்று டாக்டர் வாய்ப்பூட்டுப் போட்டுவிட்டார். வாயாடி அக்காவுக்கு நல்லா வேணும் என்று சிரிப்பாய். சிரி.

ஆனால் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு நான் எடுக்கும் ஆங்கில வகுப்பை விட மனமில்லை. வெளிநாட்டு நோயாளிகள் வருகிறார்கள். இவர்கள் பதில் சொல்ல முடியாமல் ஓடி ஒளிகிறார்கள். டீச்சர் வாயே திறக்காமல் மொழி கற்பிக்கும் முறை ஒன்று உண்டு. அதற்கு மரக்குச்சிகள் வேண்டும். விரல் தடிமனில் நூறு. ஓர் அங்குலம் முதல் நாலு அங்குலம் வரை, ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு நிறம். நம் வீட்டுத் தச்சன் நீதானே. செய்து தருவாயா?

அக்கா

ஜூன் 14

அக்காவுக்கு,

குச்சிகள் இதோடு வருகின்றன. விளிம்பையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்துவிட்டேன், கையைக் கிழிக்காது. நான் சிரிக்கவில்லை. வலிக்கிறதா?

ஒன்று கேட்கிறேன். பள்ளியில் உன் வகுப்பில் நான் வாய் திறந்தால் பாதியிலேயே திருத்துவாய். ஒருநாள் அத்தனை பேர் முன்னால், "என் கூடப் பொறந்ததா இந்த மக்கு?" என்றாய். அன்றோடு ஆங்கிலத்துக்கும் உனக்கும் முழுக்குப் போட்டேன். இந்தக் குச்சி முறை அப்போது இல்லையா?

தம்பி

ஜூலை 2

என் தம்பிக்கு,

நேற்று நடந்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். எனக்கோ பேச்சு கிடையாது.

முதல் இரண்டு வாரம் தடவித் தடவிப் போனது. நான் குச்சியை எடுப்பேன், விரல் காட்டுவேன், காத்திருப்பேன். லிஃப்ட் ஓட்டுபவர் "ரெட்" என்றார். அடுத்தவர் "டூ ரெட்" என்றார். தப்பு வந்தால் புருவத்தை உயர்த்துவேன், அவர்களே பேசித் திருத்திக்கொள்வார்கள்.

சலவைப் பிரிவில் ஓர் அம்மா. நாலு மாதமாக வகுப்பில் வாயே திறந்ததில்லை. நேற்று எழுந்து வந்தார். நீளக் குச்சியை மேஜையில் நிறுத்தி, குட்டிக் குச்சியை அதன்மேல் சாய்த்து வைத்தார். "பிஃபோர், மை சன் வாஸ் ஹியர்." குட்டிக் குச்சியை மெல்ல மேஜையின் மறுமுனைக்கு நகர்த்தினார். "நௌ, மை சன் இஸ் தேர்." நீளக் குச்சியைத் தொட்டு, "ஐ ஆம் ஸ்டில் ஹியர்" என்றார்.

இறந்தகாலத்தை மாதக்கணக்கில் கரும்பலகை நிறைய எழுதிப் போட்டவள் நான். அந்த 'ஸ்டில்' நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை. எங்கேயோ கேட்டு, பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். மனுஷருக்குள் இவ்வளவு மொழி ஊறிக் கிடக்கிறது, நான் அதன்மேல் நின்றுகொண்டு கத்தியிருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: அப்போதும் இந்த முறை இருந்தது. பயிற்சிக் கல்லூரியிலேயே படித்தேன். ஆனால் என் குரல் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. மக்கு நீ இல்லைடா. என்னை மன்னித்துவிடு.

அக்கா

ஜூலை 20

அன்புள்ள அக்கா,

சொல்லாமல் ஒன்று செய்துவிட்டேன். சனிக்கிழமை உன் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றேன். வாட்ச்மேன், "யாருங்க வேணும்?" என்றார். "யாரும் வேணாம்ணே, சும்மாதான்" என்றேன்.

லிஃப்ட்காரர் ஒரு வார்த்தைக்காகத் திணறிக்கொண்டிருந்தார். நீ கைகட்டி நின்றாய். அவர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். நீ அசையவே இல்லை. உன் முகத்தில் கோபமும் இல்லை. கடைசியில் அவருக்கு வார்த்தை கிடைத்தபோது உன் கண் கலங்கியதைப் பார்த்தேன். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வந்துவிட்டேன்.

வரும் சனிக்கிழமை உள்ளேயே வருகிறேன். பதிவேட்டில் என்னையும் எழுதிக்கொள். உன் தம்பி என்று யாரிடமும் சொல்லாதே. நல்லவேளை, உன்னால் இப்போது சொல்லவும் முடியாது. நேரம் வந்தால் நானே சொல்லிக்கொள்கிறேன், ஆங்கிலத்தில். கொஞ்சம் நேரமாகும், பரவாயில்லையா?

உன் தம்பி